பழைய இரைச்சலே போதும்

“உங்க வீட்டுக்காரர் எங்க லைனுக்குத் தினமும் அஞ்சுக்கு ஒரு மார்க்தான் போடுறாரு அக்கா. மாஸ்கோவுலேர்ந்து பேசினா ஒரே இரைச்சலாம், பழையபடியே மாத்திடணுமாம்” என்றான் இணைய அழைப்பு நிறுவனத்தின் பொறியாளன் தலாந்த்.

ஓஷ் நகரத்து வீட்டில் கிம்பத் அவனுக்குத் தேநீர் ஊற்றினாள்.

“நான் அஞ்சு போட்டேனே தம்பி! போன மாசம் நீங்க சரிபண்ணதுலேர்ந்து கணீர்னு கேக்குது.”

தலாந்த் கருவியை மாட்டி அளந்தான். ஒரு குறையும் இல்லை.

“அப்புறம் ஏன்க்கா பழையபடி மாத்தச் சொல்றாரு?”

“முன்னெல்லாம் கட்டட வேலைச் சத்தம்னு சொல்லிச் சமாளிப்பாரு. இப்ப பக்கத்துல ஒரு குழந்தை ‘அப்பா, அப்பா’ன்னு கூப்பிடறது சுத்தமா கேக்குது.”

“உங்க பையனா?”

“எனக்கு ஏது தம்பி பிள்ளை?”

தலாந்துக்குத் தேநீர் புரையேறியது. கிம்பத் பொறுமையாகக் காத்திருந்தாள்.

“இன்னும் கொஞ்சம் தெளிவாக்கித் தாங்க. குழந்தைய அதட்டுறவ பேருதான் சரியா விழல.”