நாலாவது தடவை

“சாரே, அந்தப் படத்தப் பாடத்துக்குள்ள எப்படிக் கொண்டுவரணும்? இன்னொரு தடவ சொல்லுங்க.”

ரம்லத் டீச்சர் கை தூக்கியதும் வகுப்பே சிரித்தது. கேரளத்துத் திரூரில், கோடை விடுமுறையில் ஆசிரியர்களுக்கான கணினிப் பயிற்சி அது. இதே கேள்விக்குப் பயிற்சியாளர் ஜிதின் மூன்று முறை பதில் சொல்லியாகிவிட்டது.

“டீச்சரே, நாளைக்குத் தேர்வு. தோத்தவங்க மே மாசம் மறுபடி வரணும், தெரியுமில்ல?”

“டீச்சருக்கு மே மாசமும் டீயும் பழம்பொரியும் இங்கதான்!” என்றது பின்வரிசை.

டீச்சருக்குப் பக்கத்து நாற்காலியில் இருந்த ஆசிரியர் தாமோதரன் மாஷ் மட்டும் சிரிக்கவில்லை. குனிந்து டைரியில் எழுதிக்கொண்டிருந்தார். ஜிதின் பெருமூச்சு விட்டு, நாலாவது தடவையாகத் தொடங்கினான்.

மறுநாள், ஒரு மணி நேரத் தேர்வை ரம்லத் டீச்சர் இருபது நிமிடத்தில் முடித்தார். திரையில் முழு மதிப்பெண். ஜிதின் வராந்தாவில் அவரை மறித்தான்.

“எல்லாம் தெரிஞ்சுகிட்டேதான் என்னைப் பாடாப் படுத்தினீங்களா?”

“கோவிச்சுக்காதீங்க சாரே. தாமோதரன் மாஷ் எங்க ஹெட்மாஸ்டர். வகுப்புல பாதிப் பேர் அவர் கீழ வேலை பாக்கறவங்க. அவர் எப்படிக் கை தூக்குவாரு?”

“அவர் கேக்கச் சொன்னாரா?”

“அவரா? வாயே திறக்க மாட்டாரு. டைரியில அவர் பேனா எங்கெல்லாம் நின்னுச்சோ, அங்கெல்லாம் நான் கையத் தூக்கினேன்.”

கதவு திறந்தது. “நான் பாஸ்!” என்று மலர்ந்த முகத்தோடு வந்த தாமோதரன் மாஷ், ரம்லத் டீச்சரைப் பார்த்ததும் குரலைத் தாழ்த்தினார்.

“விடுங்க டீச்சரே, மே மாசம் பாத்துக்கலாம். என் டைரிய வேணா தர்றேன்.”