மரத்தடி பெஞ்ச்

அந்தத் தெருவின் காரியங்களைப் பதினெட்டு வயதுக்கு உட்பட்டவர்களே கூடி முடிவு செய்தார்கள். பிள்ளைகள் இல்லாத வீட்டுக்கு ஓட்டு இல்லை. வைரவநாதன் தம் வீட்டில் தனி ஆள். மாலையில் வேப்பமரத்தடி சிமெண்ட் பெஞ்சில் போய் உட்கார்ந்தால்தான் அவரிடம் நாலு பேர் பேசுவார்கள். அதை இடித்துவிட்டு ஷட்டில் ஆடக் களம் போடலாமா என்று மறுநாள் ஓட்டெடுப்பு.

கதவைத் தட்டிய இதழினி அந்தத் தெருக் கூட்டத்தில் ஓட்டுள்ள உறுப்பினர்; ஒன்பது வயது.

“தாத்தா, உங்களுக்குப் பேரன் யாராச்சும் இருக்கானா?”

“இருக்கான். டொரண்டோவுல.”

“அவன் அங்கதான ஓட்டுப் போடுவான்! சரி, என் ஓட்ட உங்களுக்காகப் போடறேன். பெஞ்ச் வேணும்னு சொல்லுங்க.”

“எங்க குடும்பத்துல யார்கிட்டயும் எதையும் கேட்டுப் பழக்கமில்லம்மா.”

“கேக்க வேணாம். தலையாட்டுங்க, போதும்.”

அவர் தலை அசையவில்லை. இதழினி அடுத்த வீட்டுக்குப் போனாள். ஒரே ஓட்டு வித்தியாசத்தில் பெஞ்ச் போயிற்று.

அடுத்த வாரம், வழக்கமான நேரத்துக்கு, சலவை வேட்டியோடு அவர் மரத்தடிக்குப் போனார். மட்டையும் கையுமாக ஓடிவந்தாள் இதழினி.

“உக்கார இடமில்லியே தாத்தா?”

“நிக்கத்தான் வந்தேன்” என்றார்.

ஆட்டம் முடிந்து பிள்ளைகள் வீட்டுக்குப் போன பிறகும் நின்றுகொண்டிருந்தார்.