சித்திரையில் பனி

"எனக்குக் கோபம் வந்து ஒரு வருசமும் ரெண்டு நாளும் ஆச்சுங்க, அம்மிணி" என்றார் காளியப்பன், டாக்டரம்மாவிடம் கையை நீட்டியபடி.

டோக்கன் கொடுத்துக்கொண்டிருந்த நர்ஸ் கதவிடுக்கில் எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள்.

முப்பத்தைந்து வருடம் நாமக்கல்லிலிருந்து குவாஹாத்திக்கு லோடு ஓட்டியவர். ஆரனைத் தொட்டதே கிடையாது. ஜன்னல் வழியாக ஒரு சத்தம் கொடுத்தால் முன்னால் போகும் வண்டி தானாகப் பள்ளத்தில் இறங்கி வழிவிடும். ஒருமுறை பரமத்தி ரோட்டில் டீயில் பாலாடை மிதந்ததென்று அவர் போட்ட சத்தத்தில், பக்கத்துப் பண்ணையில் நாலாயிரம் கோழிகள் மூன்று நாள் முட்டையிடவில்லை என்று இன்றைக்கும் சத்தியம் செய்கிறவர்கள் உண்டு.

அப்பேர்ப்பட்டவர்தான் போன சித்திரையில், வாசலை மறித்து நின்ற ஒரு ஸ்கூட்டரைத் திட்டும்போதே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார்.

"இன்னொரு தடவை இப்படிக் கோபப்பட்டா உயிருக்கு நான் பொறுப்பில்லை" என்று அன்று டாக்டரம்மா சொன்னது, அவர் மனைவி சௌந்திரத்தின் காதை விட்டு இன்னும் போகவில்லை.

மற்றதையெல்லாம் அவள் நம்பினாள். ஆனியில் கம்பங்கூழ் குடித்ததை, ஐப்பசி மழையில் குடை பிடித்துக்கொண்டு நடந்ததை, மார்கழியில் குரங்குக் குல்லா மாட்டிக்கொண்டு நடந்ததை, ஒன்பது மணிக்கெல்லாம் டிவியை அணைத்ததை. எல்லாம் கண்ணால் பார்த்தது.

கோபம் போன கதையைத்தான் நம்ப முடியவில்லை என்று, பக்கத்து நாற்காலியிலிருந்து டாக்டரம்மாவிடமே சொல்லிவிட்டாள்.

"பிரஷர் மிஷினு இவருக்குச் சாதகமாத்தான் சொல்லுது. மாத்திரையைக் குறைக்கலாமான்னு யோசிக்கிறேன். பதினஞ்சு நாள் நல்லாக் கவனிச்சிட்டு நீங்க வந்து சொல்லுங்கம்மா" என்றார் டாக்டரம்மா. பிறகு காளியப்பனிடம், "தொண்டை ஏன் கட்டியிருக்கு?" என்று கேட்டார்.

"பனிங்க."

சித்திரை மாதத்தில் பனி!

சௌந்திரம் அன்றைக்கே துப்பறிய ஆரம்பித்தாள். விடிந்தும் விடியாமலும் நடக்கப் போகிற மனுசன், திரும்பி வரும்போது மட்டும் ஏன் கரகரக்கிறார்? திருட்டு பீடியா? கழற்றிப்போட்ட சட்டையை முகர்ந்தாள். பெயிண்ட் வாசம் அடித்தது. பீடியைவிட அது அவளை அதிகமாகக் கலக்கியது.

ஏழு நாள் பருப்பில் உப்பே போடவில்லை. மனுசன் தட்டை வழித்துச் சாப்பிட்டுவிட்டுச் சிரித்தார்.

ரிமோட்டை அரிசிப் பானைக்குள் ஒளித்தாள். சிரித்தார்.

கடைசி அஸ்திரமாகத் தன் தம்பியை மதியச் சாப்பாட்டுக்கு வரவழைத்தாள். அவன் வந்தால் கோபப்படாமல் இருந்தவர் அந்தத் தெருவிலேயே கிடையாது. காளியப்பன் அவனுக்கு விசிறிவிட்டார்.

சௌந்திரம் மாத்திரை அட்டையை எடுத்து எண்ணிப் பார்த்தாள். இத்தனை கோபத்தையும் உள்ளுக்குள்ளேயே அமுக்கிவைத்தால் அது ஒரு நாள் நெஞ்சைத்தானே உடைக்கும்? மாத்திரையையும் குறைத்துவிட்டால் என்ன ஆவது?

எட்டாம் நாள் அவர் கேன்வாஸ் ஷூ மாட்டிக்கொண்டு கிளம்பியதும், முக்காட்டைப் போட்டுக்கொண்டு பின்னாலேயே போனாள்.

அவர் நடந்தார். நன்றாகத்தான் நடந்தார். மூன்று சுற்று முடித்து, லாரிக்குப் பாடி கட்டும் சமியுல்லாவின் பட்டறைக்குள் நுழைந்தார். பெயிண்ட் காயாத ஒரு புது லாரியில் ஏறி, டிரைவர் சீட்டில் உட்கார்ந்து, இரண்டு பக்கக் கண்ணாடியையும் ஏற்றினார்.

பிறகு கத்தினார்.

லாரி குலுங்கியது. சௌந்திரம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஓடி, கண்ணாடியில் காதை வைத்தாள். 1994இல் டயர் மாற்றி ஏமாற்றியவனில் ஆரம்பித்து வரிசையாக ஒவ்வொருவராக வந்துகொண்டிருந்தார்கள். அவள் தம்பிக்கு மட்டும் மூன்று நிமிடம் போனது.

"ஏழு நாளாப் பருப்புல உப்பில்ல, சௌந்திரம்! ஏழு நாளா! நாக்கு செத்துப்போச்சு புள்ள!"

சொல்லிவிட்டு அவரே விழுந்து விழுந்து சிரித்தார். துண்டால் முகத்தைத் துடைத்தார். அந்த முகத்தில் கோபத்தைத் தேடிப் பார்த்தாள். தேர் இழுத்துவிட்டு வந்தவர் முகம் போல இருந்தது.

கதவைத் திறந்தவர் அவளைப் பார்த்ததும் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார்.

அவளுக்கு என்னென்னவோ ஞாபகம் வந்தது. முதல் பிரசவத்தில் அவள் துடித்தபோது அவர் குவாஹாத்தியில் இருந்தார். இரண்டாவதின்போதும் குவாஹாத்தியில்தான். அவள் இதுவரை யாரிடமும் குரல் உயர்த்தியதே இல்லை. அந்த வீட்டில் அதற்கு இடம் மிச்சமில்லாமல் அவரே கத்திக்கொண்டிருந்தார்.

"தள்ளுங்க" என்றாள்.

சுற்றிப் போய் கிளீனர் பக்கத்துக் கதவைத் திறந்து ஏறினாள். கண்ணாடியை ஏற்றினாள்.

டீயோடு வந்த சமியுல்லா, "ஏழு மணிக்கு வெல்டிங் ஆரம்பிச்சிருவோம்க்கா, அதுக்குள்ள முடிச்சுக்குங்க" என்று கண்ணாடியைத் தட்டிச் சொல்லிவிட்டுப் போனார்.

அன்றைக்குப் பட்டறையில் வெல்டிங் ஆரம்பிக்க எட்டரை மணி ஆயிற்று. மறுநாளிலிருந்து இருவரும் சேர்ந்தே நடக்கக் கிளம்பினார்கள்.

பதினைந்தாம் நாள் டாக்டரம்மா மிஷினை இரண்டு முறை அழுத்திப் பார்த்தார். "இன்னும் குறைஞ்சிருக்கு! உப்பைக் குறைச்சீங்களா?" என்று காளியப்பனைப் பாராட்டினார். அவர் கூரையைப் பார்த்தார்.

"நீங்கதான் நம்பலை. இப்பச் சொல்லுங்கம்மா. நிஜமாவே இவர் கோபப்படறதில்லையா?"

சௌந்திரம் வாயைத் திறந்தாள். முதலில் காற்றுதான் வந்தது. கனைத்துக்கொண்டாள்.

"நெசந்தானுங்க, அம்மிணி. ஒரு வருசமா எங்க ஊட்டுல ஒரு சத்தம் கிடையாதுங்க."

டாக்டரம்மா நிமிர்ந்து பார்த்தார். "உங்களுக்கும் தொண்டை கட்டியிருக்கே?"

வெளியே கத்திரி வெயில் தார் ரோட்டை உருக்கிக்கொண்டிருந்தது.

"பனிங்க" என்றாள் சௌந்திரம்.