பன்னிரண்டாவது வீடு

"வேலாயுதன்தான் காட்டிக் குடுத்தவன். எனக்கு ஒரு சம்சயமும் இல்ல" என்றான் ராஜதாஸ். துணியில் கோடு போடும் சிவப்புப் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டான்.

"மெள்ளப் பேசுங்க. சுவரு விழுந்து கெடக்கு. அவனுக்க கடைக்குக் கேக்கும்" என்றாள் அவன் மனைவி சுகிர்தபாய்.

உதியன்குளங்கரை முக்கில் ராஜதாசுக்கு வீடும் தையல் கடையும் ஒன்றுதான். ஜூன் மாத மழையில் பக்கச் சுவர் சரிந்துவிட்டது. இப்போது ஓலைத்தட்டிதான் சுவர். தட்டிக்கு அந்தப் பக்கம் வேலாயுதனின் வீடும் சாயாக்கடையும்.

சுவர் கட்டக் கடன் கேட்டு ராஜதாஸ் மூன்று தடவை கூட்டுறவுச் சங்கத்துக்கு நடந்துவிட்டான். மூன்று தடவையும் கையை விரித்தார்கள். எந்த ஊர் மெட்ராஸோடு சேரும், எது மலையாளத்தோடு நிற்கும் என்று எல்லை பிரிக்க வந்த கமிஷன் இன்னும் சொல்லாத நேரம் அது. நாளைக்கு மெட்ராஸுக்குப் போகிற வீட்டிடம் கடனை எப்படி வசூலிப்பது என்பது சங்கத்தின் நியாயம். அதற்காகத் தமிழ் வீடுகளைக் குறித்த ஒரு படத்தையே செக்ரட்டரி வைத்திருக்கிறாராம். ரோட்டுக்கு எதிரே மலையாள வீடுகளின் வரிசையில் மட்டும் கடன் தாராளமாகக் கிடைத்தது. அங்கே மாடி எழும்பிக்கொண்டிருந்தது.

இந்த வரிசைக்கு வந்தது ஒரே ஒரு ஆள், திருவனந்தபுரத்து மர வியாபாரி. பாதி விலைக்குக் கேட்டார். ஆறு வீடுகள் கைமாறிவிட்டன. ராஜதாசுக்கு ஞாயிற்றுக்கிழமை வரை தவணை கொடுத்திருந்தார்.

"மெட்ராஸுக்குப் போற எடத்த திருவனந்தபுரத்துக்காரன் எதுக்கு வாங்குகான்? எல்லைக்கோடு இஞ்ச விழாதுன்னு அவனுக்குத் தெரியும். சங்கத்துக்காரனுக்கும் தெரியும். வீடு வீடா அடையாளம் சொல்ல ஒரு ஆளு வேணும்லா? நம்ம வரிசையில மலையாளத்தான் வேலாயுதன் ஒருத்தன்தானே!"

"பதினஞ்சு வருசமா ஒரே கிணத்துல தண்ணி கோருன மனுசன்."

"அதனாலதான் எல்லாருக்க காரியமும் அவனுக்குத் தெரியும். அவன் சங்கத்துக்குப் போய் வாறத நானே கண்டேன். நேத்து அந்த வியாபாரிகூட நின்னு பேசினான். என்னக் கண்டதும் தலையக் குனிஞ்சிட்டுப் போனான். இன்னைக்குக் கடையும் தொறக்கல்ல. பாத்தியா?"

அது உண்மைதான். தட்டிக்கு அந்தப் பக்கம் காலையிலிருந்து ஒரு கிளாஸ் சத்தம்கூட இல்லை.

"அம்மிணி நேத்து வந்து நம்ம உருளியத் தேச்சுக் கழுவித் திருப்பித் தந்தா. அவ கண்ணு கலங்கியிருந்து" என்றாள் சுகிர்தபாய்.

"மாப்பிள செஞ்ச கள்ளத்தனம் பெண்டாட்டிக்குத் தெரியாதா?"

சுகிர்தபாய்க்குப் பொறுமை போனது. "இஞ்ச இருந்து புறுபுறுத்தா சுவரு எழும்புமா? தமிழ் ஊரெல்லாம் மெட்ராஸோட சேரணும்னு கமிஷனுக்கு மனு எழுதுனியள்லா? அந்தச் சாமர்த்தியத்த சங்கத்துல போய்க் காட்டுங்க. குமாஸ்தா எலியா நம்ம சபைக்காரன்தானே. அந்தப் படத்தக் காட்டச் சொல்லுங்க."

மனு என்றதும் ராஜதாசின் நெஞ்சு நிமிர்ந்தது. இந்தப் பகுதிக்கு மனு தயாரித்தவன் அவன்தான். சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினான்.

சங்கத்தில் எலியா தனியாக இருந்தான்.

"செக்ரட்டரி உண்ணப் போனாரு. சட்டுன்னு பாத்துட்டுப் போங்கண்ணே. தெரிஞ்சா எனக்க வேலை போயிரும்."

"ஒரு நிமிசம் போதும்லே. வேலாயுதனுக்க கையெழுத்து எனக்கு நல்லாத் தெரியும்."

எலியா ஒரு மாதிரியாக அவனைப் பார்த்தான். பிறகு மேசை டிராயரிலிருந்து படத்தை எடுத்து விரித்தான்.

ரோடு, கிணறு, கோவில், சர்ச் எல்லாம் இருந்தன. ரோட்டோரமாகப் பன்னிரண்டு கட்டங்கள். பன்னிரண்டிலும் சிவப்புப் பென்சில் தீட்டியிருந்தது. கோடுகள் துணியில் போட்டது மாதிரி அத்தனை நேராக இருந்தன.

ராஜதாசின் கை தானாகக் காதுக்குப் போனது.

"இது..."

"உங்க மனுவோட இருந்த படம்தாண்ணே. எல்லா ஆபீசுக்கும் நீங்களே ஒவ்வொண்ணு வரைஞ்சு அனுப்பினியள்லா? தமிழ் வீடு எதுன்னு செக்ரட்டரிக்கு அலைய வேண்டி வரல்ல."

ராஜதாஸ் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டான். வெட்கத்தில் எலியாவின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. தரையைப் பார்த்தபடி, "அப்போ வேலாயுதன் இஞ்ச எதுக்கு வந்தான்?" என்று கேட்டான்.

"கடன் கேட்டுத்தான். அவனுக்கும் மூணு தடவ இல்லேன்னாச்சு. 'ஞான் மலையாளியல்லே சாரே'ன்னு, நானும் மலையாளிதானேன்னு அழுதான். செக்ரட்டரி இந்தப் படத்த எடுத்து நீட்டினாரு. உங்க வரிசையில தமிழ் வீடு பதினொண்ணுதானே அண்ணே?"

பதினொன்றுதான். வரிசை முழுக்கத் தமிழ் என்று கமிஷனுக்கு எழுத ஒரு வீடு குறைந்தது. அடுத்த வீட்டுக்காரன்தானே, என்ன வந்துவிடப் போகிறது என்று அன்று பன்னிரண்டாவது கட்டத்தையும் தீட்டியது ராஜதாசுக்கு நினைவு வந்தது.

"நேத்து அவன் பாதி வெலைக்கு எழுதிக் குடுத்துட்டான். விடியக்காலம் பெண்டாட்டியையும் கூட்டிட்டு வண்டி ஏறப் போனான். அப்போ எனக்க வீட்டுல வந்து, இந்தச் சிவப்பப் போட்டது யாருன்னு கேட்டான். எனக்கு உங்க பேரச் சொல்ல நாக்கு எழும்பல்ல."

எலியா படத்தை மடித்து உள்ளே வைத்தான்.

"போகும்போ அவனே சொன்னான்: 'பரவால்ல, ராஜதாஸ் அண்ணன்கிட்ட பறஞ்சா போதும். ஆள அவரு கண்டுபிடிச்சிருவாரு.'"