பக்கத்து நாற்காலி

"நைனா, கடலையை உடைக்கிற மெஷின் பருப்பை ஏன் உடைக்குது?" என்று ஒருநாள் மகள் பிரம்மி கேட்டாள். நொறுங்கிய பருப்பை வியாபாரிகள் தொடாததால், செஞ்சியில் குணபாலனின் வேர்க்கடலை உடைக்கும் மில் மூடும் நிலையில் இருந்தது.

அரசு நடத்திய புத்தாக்கக் கூட்டத்தில் அதே கேள்வியைக் கேட்டார்.

"தொடர்புகளை வளர்த்துக்குங்க" என்ற அதிகாரி, மூன்று மணி நேரம் அதையே விளக்கினார்.

பக்கத்து நாற்காலிக்காரர் மேடையைப் பார்த்தபடியே, "உருளையில சைக்கிள் டியூப்பைச் சுத்தினா உடையாது" என்றார்.

குணபாலன் மில்லுக்குப் போய் அப்படியே சுற்றினார். பருப்பு முழுசு முழுசாக விழுந்தது.

"எல்லாம் எங்க கூட்டத்தாலதான?" என்றார், சேதி கேட்டு மில்லுக்கு வந்த அதிகாரி.

"ஆமாங்க. நீங்க சீக்கிரம் முடிச்சிருந்தா பக்கத்து நாற்காலிக்காரரு வாயே திறந்திருக்க மாட்டாரு."

மகிழ்ந்துபோன அதிகாரி விருதுப் படிவத்தை நீட்டினார்.

வீட்டில் தனியாக அதை நிரப்பினார் குணபாலன். 'கண்டுபிடித்தவர்' என்ற இடத்தில், எட்டு வருடமாகத் தன்னோடு பேசாமலிருந்து அன்று வாய் திறந்த எதிர் மில் முதலாளி வெற்றிவேலின் பெயரை எழுதி, உறையை ஒட்டினார்.