நான்காவது கவளம்

டோங்கா தீவுநாட்டில் ஞாயிற்றுக்கிழமை தேவாலயப் பூசை முடிந்த மதியம். மண்ணில் தோண்டிய குழியடுப்பில் வெந்த வாழையிலைப் பொட்டலத்தைத் தம்பி மோசேசேயின் முன்னால் வைத்துப் பிரிக்கிறாள் மெலியானே. உள்ளே சேப்பங்கீரையும் ஆட்டுக்கொழுப்பும் தேங்காய்ப்பாலில் பளபளக்கின்றன. போன மாதம்வரை இப்படி நான்கு பொட்டலத்தை முடித்துவிட்டு ஐந்தாவதற்குக் கை நீட்டியவன் அவன். இன்று மூன்று கவளத்தோடு நின்றுவிட்டான்; நான்காவது விரல்களிலேயே ஆறிக்கொண்டிருக்கிறது. தகரக் கூரையில் ஒரு மாங்காய் விழுந்து உருள்கிறது.

"உப்பு கம்மியாடா?"

"இல்லக்கா. எடை குறையணும்னு ஆஸ்பத்திரில ஊசி போடுறாங்கல்ல, அதுல வயிறு போதும்னு மூளைக்குச் சொல்லிடுதாம். ஊசிய விட்டா சர்க்கரை ஏறி அப்பா மாதிரி கால எடுக்கணும்ங்கிறாங்க."

"அக்கா பேச்ச விட்டுட்டு வயித்துப் பேச்சக் கேக்குதா உன் மூளை?"

பாயைச் சுற்றி உட்கார்ந்திருப்பவர்கள் சிரிக்கிறார்கள். அவளும்தான். அவளுக்காகக் கவளத்தை வாயருகே கொண்டுபோகிறான். வாசனை பிடித்திருக்கிறது, வாய் மட்டும் திறக்க மறுக்கிறது. கண் கலங்குகிறது. அதைப் பார்த்த அவளுடைய சிரிப்பு அடங்குகிறது. பிரித்த இலையை, யாருமே தொடாததுபோல, பழைய மடிப்பிலேயே மெதுவாக மூடி நாரால் கட்டுகிறாள். கையிலிருக்கும் கவளத்தை இனி எங்கே வைப்பதென்று அவனுக்குத் தெரியவில்லை.