பத்து டாலர் சோதனை

அமெரிக்காவின் டன்மோர் கவுண்டி என்ற மாவட்டத்தில், வேறு மாநிலத்து வண்டி வாங்கியவர்கள் பத்து டாலர் கட்டி அதை ஷெரிஃப் ஆபீஸ் போலீஸ்காரன் ஆரினிடம் காட்டியாக வேண்டும். முன் கண்ணாடிக்கு அடியிலும் கதவு ஓரத்திலும் பொறித்திருக்கும் பதினேழு எழுத்து எண்ணை வண்டியின் உரிமைக் காகிதத்தோடு ஒப்பிட்டு, திருட்டு வண்டி இல்லை என்று அவன் கையெழுத்துப் போட்டால்தான் பதிவு நடக்கும். ஊர்க்காரர்கள் அதற்கு வைத்திருக்கும் பெயர் 'எட்டிப் பார்க்கிற கூலி'.

போன மாதம் அவன் எட்டிப் பார்த்துக் கையெழுத்துப் போட்டதில் ஒன்று திருட்டு வண்டி என்று பிறகு தெரியவந்தது. கவுண்டிப் போலீஸுக்குத் தலைவியான ஷெரிஃப் லூசில் சத்தம் போடவில்லை. "இன்னொரு தடவை ஏமாந்தேன்னா, லாக்கப்புல தட்டு கழுவுற வேலைதான்ப்பா உனக்கு" என்றார், அவ்வளவுதான். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். ஆரின் கண்ணுக்கு வந்ததெல்லாம் திருட்டு வண்டி.

அன்று செவ்வாய்க்கிழமை, சோதனை நாள். ஜனவரிப் பனி தரையில் கல்லாக இறுகிக் கிடந்தது. ஆரின் ஆபீஸின் பின்முற்றத்தில் நின்றிருந்தான். பின்கதவைத் திறந்து லூசில் தலையை நீட்டினார்.

"ஏம்ப்பா, வாசல்ல உன் புது வண்டி ரொம்ப நேரமா உறுமிக்கிட்டு நிக்குது. பெட்ரோல் என்ன ஓசியிலயா வருது?"

"இந்தக் குளிர்ல யாரு மேடம் இன்ஜினை நிறுத்துறாங்க? சாப்பிடப் போறப்ப உள்ள கதகதன்னு இருக்கணும்ல."

"அதுவும் வெளி மாநிலம், கான்சாஸ்ல வாங்கினதுதானே? அதுக்கு எப்ப சோதனை?"

"என் கைக்கு நானே பத்து டாலர் கொடுக்கணுமாக்கும். அடுத்த வாரம் பாப்போம். காகிதம் எல்லாம் வண்டியிலதான் கிடக்கு."

லூசில் சிரித்துக்கொண்டே கதவைச் சாத்தினார்.

கொஞ்ச நேரத்தில் பச்சை பிக்கப் வண்டி ஒன்று இருமிக்கொண்டே வந்து நின்றது. வயதான ஒரு தம்பதி இறங்கினார்கள். தன் பெயர் லாய்ட், மனைவி வெல்மா என்று சொல்லிக் காகிதத்தை நீட்டினார் அந்த மனிதர். வெறும் கை, குளிரில் சிவந்திருந்தது.

"நேத்துதான் வாங்கினோம் தம்பி. நல்லாப் பாத்துச் சொல்லுங்க."

"கையுறை போடலையா ஐயா?"

"அவசரத்துல மறந்துட்டேன்."

வண்டியைக் காட்ட வருகிறவருக்கு என்ன அவசரம்? ஆரினுக்கு மூக்கில் வியர்த்தது. அந்த அம்மாளோ வண்டியைப் பார்க்கவே இல்லை. காலை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டு, கட்டட மூலையையே பார்த்தாள். யாராவது வருகிறார்களா என்று காவல் பார்க்கிறாள் போலிருக்கிறது.

இவர்களைப் பிரித்து வைத்துக் கேட்டால்தான் உண்மை வரும் என்று ஆரின் முடிவு செய்தான்.

"உங்களுக்குக் குளிரும்மா. போய் எங்கயாவது சூடா உக்காருங்க. இது முடிய நேரமாகும்."

"நீ நல்லா இருப்பே தம்பி" என்று சொல்லிவிட்டு அவள் மூலை திரும்பிப் போனாள்.

ஆரின் கண்ணாடியில் உறைந்த பனியைச் சுரண்டிவிட்டு எண்ணைப் படித்தான். பொருந்தியது. கதவு ஓரத்திலும் பொருந்தியது. அந்த எண் பொறித்த தகட்டின் ஆணிகளை நகத்தால் நெம்பிப் பார்த்தான். அவை அசையவில்லை.

"அடியிலயும் பாருங்க தம்பி" என்றார் லாய்ட். "இப்பல்லாம் திருடனுங்க ரொம்பத் தேறிட்டானுங்களாம்."

கள்ளன்தான் இவ்வளவு யோக்கியம் பேசுவான் என்று நினைத்துக்கொண்டு ஆரின் பனியில் மல்லாந்து வண்டிக்கு அடியில் நகர்ந்தான். முதுகு விறைத்தது. விளக்கடித்துத் தேடினான்.

"இன்னும் கொஞ்சம் உள்ள பாருங்க" என்று லாய்ட் வெளியிலிருந்து உற்சாகப்படுத்தினார். "அந்தத் துரு பின்னாடி கூட இருக்கலாம்."

துருவுக்குப் பின்னால் இருந்த எண்ணும் பொருந்தியது. வயர்லெஸ்ஸில் கேட்டதற்கு, திருட்டுப் புகார் எதுவும் இல்லை என்று பதில் வந்தது. வண்டி சுத்தத் தங்கம். இன்ஜின்தான் மலை ஏறப் போகிற நிலையில் இருந்தது.

ஆரினுக்கு வெட்கமாக இருந்தது. பாவம், இந்த வயதில் இப்படி ஒரு ஓட்டை வண்டியை வாங்கியவரைப் போய்ச் சந்தேகப்பட்டோமே என்று நொந்துகொண்டு கையெழுத்துப் போட்டான்.

"பத்து டாலர், ஐயா."

லாய்ட் சட்டைப்பையைத் தடவினார். "பர்ஸ் அவகிட்ட இருக்கு. போய் வாங்கிட்டு வரேன். வண்டி இங்கயே நிக்கட்டும், சாவியும் அதுலயே இருக்கு. ஷெரிஃப் ஆபீஸ்ல வந்து யாரு வண்டி திருடப் போறான்?"

"அது சரி" என்று ஆரினும் சிரித்தான்.

தப்பு செய்யவில்லை, தட்டு கழுவ வேண்டியதில்லை. மனசு லேசாகி, மத்தியானம் சாப்பிடப் போகிற பீன்ஸ் குழம்பையும் லவங்கப்பட்டை ரொட்டியையும் நினைத்துக்கொண்டு நின்றான். லாய்ட் வரவில்லை. லூசில்தான் வந்தார்.

"ஏம்ப்பா ஆரின், அவங்க உன் சொந்தக்காரங்களா?"

"யாரு மேடம்?"

"உன் புது வண்டியில கிளம்பிப் போனாங்களே, வயசான ஜோடி. அந்தம்மா கண்ணாடியை இறக்கி, 'தம்பிதான் சூடா உக்காரச் சொல்லுச்சு'ன்னு கை கூட ஆட்டினாங்க."

ஆரின் முகத்தைப் பார்த்ததும் லூசிலுக்குப் புரிந்துவிட்டது. வயர்லெஸ்ஸை எடுத்தார்.

"சீக்கிரம், உன் வண்டி எண்ணைச் சொல்லு."

பச்சை வண்டியின் பதினேழு எழுத்தையும் ஆரின் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவான். அவனுடைய வண்டியின் எண்தான், பத்து டாலர் மிச்சம் பிடித்து யாரும் எட்டிப் பார்க்காததால், காகிதத்தோடு வண்டிக்குள்ளேயே இருந்தபடி கான்சாஸ் பக்கம் போய்க்கொண்டிருந்தது.